ஆர்கன் அடங்கும் வரை எழுந்ததில்லை

மலேசியாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மாதா கோயிலில் பூசை முடிந்ததும் யாரும் எழுந்து போக மாட்டோம். ஃபாதர் ஆசீர்வாதம் கொடுத்துவிட்டு உள்ளே போய், உடுப்பைக் கழற்றி மடித்துக்கூட வைத்திருப்பார். நாங்கள் பெஞ்சில் அப்படியே இருப்போம். ஆர்கன் அடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செருப்பைத் தேடுவதும், யார் வீட்டில் இன்றைக்கு என்ன கறி என்று விசாரிப்பதும். சிரம்பான் டவுனிலிருந்து கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிகள் பாதி எழுந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து, "இன்னும் என்னா இருக்கு?" என்று கேட்பார்கள்.

"கம்முனு இருங்க. அண்ணன் இன்னும் போவல" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள்.

அப்போது அந்த விருந்தாளிகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியாது. ஏனென்றால் அந்த அண்ணன் என் நாத்தனாரின் வீட்டுக்காரர். அவர் செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். எனக்கு எழுத்து வராது, காதுதான். ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வேன். அதனால் இந்தக் கதையையும் காதில் கேட்ட மாதிரியே சொல்கிறேன்.

அந்த ஆர்கன் எங்களுக்காக வந்த சாமான் இல்லை. என் மாமியார் சொல்வார். தோட்டம் ஆரம்பித்த காலத்தில் ஒரு பெரிய துரை இருந்தாராம். அவர் பெண்சாதிக்கு இந்தக் காடும் மழையும் பிடிக்காமல் அழுதுகொண்டே இருந்தாளாம். அவளைச் சமாதானம் பண்ணத்தான் சீமையிலிருந்து அதைத் தோட்டத்துக் கோயிலுக்குக் கப்பலில் வரவழைத்தார். போர்ட்டிக்சன் துறைமுகத்தில் இறக்கி மாட்டு வண்டியில் கொண்டு வந்தார்கள். குழாய்கள் எல்லாம் நீள நீளமான மரப்பெட்டிகளில் இருந்தன. வரிசையாக அந்தப் பெட்டிகள் வருவதைப் பார்த்த லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள், துரை வீட்டில் கொத்தாக யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்து, வேலையைப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டோரம் நின்றார்களாம். என் மாமியாரின் மாமியார் தரையில் உட்கார்ந்து ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாராம். வண்டிக்காரன்தான், "யம்மா, இது வாசிக்கிற பெட்டி, அழுவாத" என்று சொல்லிப் பார்த்தான். ஆரம்பித்த ஒப்பாரியைப் பாதியில் விடக்கூடாது என்று அவர் முழுசாகப் பாடிவிட்டுத்தான் எழுந்தாராம். தோட்டத்துக்குள் வந்த அன்றைக்கே ஒப்பாரி கேட்ட சாமான் அது.

ஜப்பான்காரன் காலத்தில் துரைகள் ஓடிவிட்டார்கள். ஈயக் குழாய்களை உருக்கத் தூக்கிப் போய்விடுவான் என்று எங்கள் ஆட்கள் அவற்றைக் கழற்றி, ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற கூடத்தில், தொங்குகிற ஷீட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். சண்டை முடிந்து திரும்ப மாட்டினபோது புகை வாடை அதற்குள் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு ஆர்கனுக்குக் காற்று அடித்தாலே, முதல் சத்தம் வருவதற்கு முன்னால் புகைக்கூடத்து வாடைதான் வரும். சாம்பிராணி ஒரு பக்கம், ரப்பர் புகை ஒரு பக்கம். எனக்கு இன்றைக்கும் கடவுள் என்றால் அந்த இரண்டு வாடையும் சேர்ந்துதான் ஞாபகத்துக்கு வரும்.

துரைகள் ஒரேயடியாகப் போன பிறகு கோயிலும் ஆர்கனும் எங்களுக்கு வந்தன. நான் நீலாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் அந்தப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தேன். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய அலமாரி, அதற்கு மேல் மூங்கில் புதர் மாதிரி குழாய்கள். பக்கவாட்டில் ஒரு மரக் கைப்பிடி. அதை மேலும் கீழும் அடித்தால் உள்ளே இருக்கிற துருத்தி ஊதும். அதை அடித்துக்கொண்டிருந்த தோட்டக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. உபதேசியார் பெண்கள் பக்கத்தைப் பார்த்து, "யாருக்காச்சும் கையில வலு இருக்கா?" என்று கேட்டதும் நான் எழுந்து போய்விட்டேன். பால்மரம் வெட்டி, வாளி தூக்கிப் பழகின கைதானே. புது மருமகள் இப்படி முன்னால் போய் நிற்கலாமா என்று என் மாமியார் முகத்தைச் சுளித்தார். என் நாத்தனார்தான், "போவட்டும் விடும்மா, நம்ம வூட்டு ஆளு வாசிக்க, நம்ம வூட்டு ஆளு அடிக்கட்டுமே" என்றார்.

வாசித்தவர்தான் அண்ணன். தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றுகிற லாரியின் ஓட்டுநர். கடைசித் துரைசாணி ஊருக்குப் போகிறதுக்கு முன்னால் அவருக்குச் சில பாட்டுகளை விரல் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மற்றதெல்லாம் அவர் காதால் பிடித்தது. ஆள் ஒல்லி. பேச்சு குறைவு. இடது கைப் பெருவிரல் ஒரு தடவை லாரிக் கதவில் நசுங்கி, நகம் நடுவில் பிளந்து, வெற்றிலை நுனி கிழிந்த மாதிரி இரண்டாக வளர்ந்திருக்கும். சின்னப் பிள்ளைகளை அந்த நகத்தைக் காட்டிப் பயமுறுத்துவார். அவர்களோ இன்னொரு தடவை காட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

வாசிக்கிறபோது அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. இடது பக்கத்துக் கோடியில் இருக்கிற கடைசிக் கட்டையைப் பாட்டு முடிகிறபோது மட்டும்தான் தொடுவார். அடித்தொண்டையிலிருந்து மாடு கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் அது. காதில் கேட்பதற்கு முன்னால் பெஞ்சில் தெரியும், தொடை அதிரும். ஆமென் சொல்கிற வரைக்கும் அதைப் பிடித்துவிட்டு, பிறகு அந்தப் பிளந்த நகப் பெருவிரலைக் கட்டைக்கு அடியில் விட்டு, மேலே ஒரு தட்டு தட்டுவார். உடனே சத்தம் நிற்கும். எனக்கு அது பார்க்க ஆசையாக இருக்கும். பாட்டு முடிந்தது என்பதற்கு அவர் போடுகிற முத்திரை என்று நினைத்துக்கொள்வேன். கைப்பிடியில் நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரியும். மற்றவர்களுக்கு அவர் முதுகு மட்டும்தான்.

நான் காற்று அடிக்க வந்த புதிதில் ஒரு தடவை உள்ளே இருந்த தோலைப் பூச்சி அரித்து, ஆர்கன் வாயைத் திறந்தாலே புஸ்ஸென்று போனது. அண்ணன், "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மத்தியானம் அலமாரிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு கிடந்தார். அடுத்த பூசைக்கு ஆர்கன் பாடியது. என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. லாரி ஓட்டுகிறவர், எதையாவது கட்டி ஒட்டி ஓட வைத்துவிடுவார் என்று விட்டுவிட்டோம்.

மழைக்காலத்தில் ஒரு நாள் பால் லாரி மரப்பாலத்தில் வழுக்கி ஆற்றுக்குள் போனது. அண்ணனை எடுத்தபோது உயிர் இல்லை. உடம்பு முழுக்கப் பால் கொட்டி, காய்ந்து, வெள்ளையாக உரிந்து வந்தது. அதைக் குளிப்பாட்டின பெண்களில் நானும் ஒருத்தி. என் நாத்தனார் அழவில்லை. அண்ணனின் முழங்கையில் ஒட்டியிருந்த ரப்பரை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார்.

அடக்கப் பூசை மத்தியானத்தில். வாசிக்கத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார். வீட்டில் ஆர்மோனியம் வைத்திருப்பவர். நான் வழக்கம்போலக் காற்று அடித்தேன். கடைசிப் பாட்டு முடிந்தது. அண்ணன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுப் பழகியதால் வாத்தியாரும் அந்தக் கடைசிக் கட்டையைத் தொட்டுத்தான் முடித்தார். ஆமென் சொன்னோம். வாத்தியார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சத்தம் நிற்கவில்லை.

நான் கட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் பல்வரிசை மாதிரி சமமாக இருந்தன. அந்தக் கோடிக் கட்டை மட்டும், யாரோ விரல் வைத்து அழுத்திக்கொண்டிருக்கிற மாதிரி, கீழே இறங்கி நின்றது. வாத்தியார் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். என் கையிலிருந்து கைப்பிடி நழுவியது. காற்று குறையக் குறைய அந்தச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, குரல் கம்மி, கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. சவப்பெட்டி நடுவில் இருந்தது. புகைக்கூடத்து வாடை கோயில் முழுக்க நிறைந்திருந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை.

என் நாத்தனார் அப்போதுதான் அழுதார். "போவமாட்டேங்கிறாரு பாரு" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே போன பிறகு, நான் கதவைச் சாத்த நின்றேன். உள்ளே டக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால், அந்தக் கட்டை தானாக மேலே வந்து மற்றவற்றோடு சேர்ந்து நின்றது. நான் கல்லறை வரைக்கும் ஓடினேன், சேலை தடுக்கி விழுந்து எழுந்து ஓடினேன். எல்லோரும் நான் அண்ணனுக்காக அப்படி ஓடி வருகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கு அடுத்ததும். ஃபாதர், "கட்டை ஒட்டிக்குது, அவ்வளவுதான். பேய் இல்ல, பிசாசு இல்ல" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினோம். பூசை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தோம். வாத்தியார் ஒரு தடவை அந்தக் கட்டையைத் தொடாமலே பாட்டை முடித்துப் பார்த்தார். என் நாத்தனார் எழுந்து நின்று, "வாத்தியாரே, பாட்டு இன்னும் முடியல" என்றார். அவர் அந்தக் கட்டையைத் தொட்டார்.

முனியாண்டி கோயில் பூசாரி எங்கள் தோட்டத்தில் வேலை மேற்பார்க்கிற மண்டோர்தான். அவர் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி மாதா கோயில் படியில் வைத்துவிட்டுப் போனார். ஃபாதர் அதைக் காலால் தள்ளிவிட்டார். அடுத்த வாரம் இரண்டு பாதி பழம் இருந்தது. ஃபாதர் மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சொன்னார், "ஒங்க சாமி ஒங்களுக்கு, ஃபாதர். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த ஆளு எங்க லாரியையும்தானே ஓட்டினாரு?" ஃபாதர் பழத்தைத் தாண்டி உள்ளே போனார். பழம் படியில் காய்ந்தது.

என் நாத்தனார் இடத்தை மாற்றிக்கொண்டார். அதுவரைக்கும் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர், பெரிய குழாய்க்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு முடிந்து அந்தச் சத்தம் மட்டும் நிற்கிறபோது, குழாயில் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசுவார். "மூத்தவன் பரீட்சையில பாஸ் பண்ணிட்டான். கொல்லையில ரம்புத்தான் காய்ச்சிருக்கு, அணிலு உடமாட்டேங்குது. ஒங்க தங்கச்சி மாசமா இருக்கா." இப்படி அவசர அவசரமாக. காற்று குறைந்து சத்தம் இறங்க ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பி, "அடிடி, அடி! இன்னும் ஒண்ணு சொல்லணும்" என்பார்.

நான் அடிப்பேன். எனக்குப் பயமாகவும் இருக்கும், ஆசையாகவும் இருக்கும். என் கை ஓய்ந்தால் அண்ணன் போய்விடுவார், அடித்தால் இருப்பார். இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்? தோள் கழன்று போகிற வரைக்கும் அடிப்பேன். பெஞ்சில் இருக்கிறவர்கள் காத்திருப்பார்கள். பசியில் பிள்ளைகள் நெளியும். ஒரு தடவை உபதேசியார் மனைவி, "யக்கா, சீக்கிரம் பேசி முடிங்களேன், அடுப்புல சோத்த வச்சிட்டு வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள். என் நாத்தனார் குழாயிடம், "அவ சோறு கரியுதாம், அடுத்த வாரம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கோயிலே சிரித்தது. அந்தச் சத்தமும் அப்போது அடங்கியதா, எல்லோருக்கும் முதுகில் சில்லென்று ஆனது. சிரித்துக்கொண்டே சிலுவை போட்டுக்கொண்டோம்.

பிறகு எனக்கும் வயசாகிவிட்டது. தோளில் வலி வந்து கை மேலே தூக்க முடியாமல் போனது. கோயில் ஆட்கள் சேர்ந்து ஆர்கனுக்கு ஒரு மோட்டார் வைத்தார்கள். சுவிட்ச் போட்டால் காற்று தானாக வரும். எல்லோருக்கும் சந்தோஷம், என் நாத்தனாருக்கு ரொம்பச் சந்தோஷம். இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாமே.

முதல் ஞாயிறு பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. சத்தம் மட்டும் அதே மாதிரி நின்றது. இறங்கவில்லை. பெருமூச்சு விடவில்லை. அதுவரைக்கும் காற்று தீர்ந்து அண்ணன் அவராகவே போய்விடுவார். இப்போது அவரை யாராவது அனுப்ப வேண்டும். எல்லோரும் சுவிட்சைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. வாத்தியார் வேண்டுமென்றே பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீ நிறுத்துடி" என்றார் என் நாத்தனார்.

"நான் மாட்டேன் அண்ணி. என் கையால மாட்டேன்."

"அப்ப நாந்தான் பண்ணணுமா? ஆத்துல ஒரு தடவ செத்தாரு. இனிமே வாரா வாரம் நான் அவர சாவடிக்கணுமா?"

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவரே போய்ச் சுவிட்சை அழுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு பூசைக்கும் அதுதான். குழாயில் கன்னம் வைப்பார், கொஞ்சம் பேசுவார், எழுந்து, சுவருக்கு நடந்து, கண்ணை மூடுவார். அந்த நடையைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஆனாலும் வராமல் இருக்க மாட்டார். "அந்தச் சத்தமும் இல்லன்னா அவரு எங்கடி இருப்பாரு?" என்பார்.

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, பிறகு செம்பனையும் போய் வீடுகள் வந்தன. லயத்தை இடித்தார்கள். நான் செண்டாயானில் மகள் வீட்டுக்கு வந்தேன், நாத்தனார் ராசாவில் மகன் வீட்டுக்குப் போனார். கோயில் மட்டும் புல்லுக்கு நடுவில் நின்றது. மாதத்துக்கு ஒரு பூசை. எல்லோரும் காரில், மோட்டார் சைக்கிளில், பஸ்ஸில் வந்து சேருவோம். ஆள் இல்லாத இடத்தில் அந்தச் சத்தம் இன்னும் பெரிசாகக் கேட்டது. எங்கள் பழைய வீடு இருந்த இடத்து மண்ணில் நின்றால்கூட, காலில் அதிர்வு தெரிகிற மாதிரி இருக்கும்.

பிறகு ஒரு புது ஃபாதர் வந்தார். சின்ன வயசு, நல்ல பையன், பாட்டில் ஆசை. இந்தக் கோயிலின் கூரை விழப்போகிறது, ஆர்கனைச் சிரம்பானில் இருக்கிற பெரிய கோயிலுக்குக் கொண்டு போகலாம், முதலில் சரிபண்ணலாம் என்று சொன்னார். ஆர்கன் வேலை தெரிந்த ஒரு சீனக்காரரைக் கோலாலம்பூரிலிருந்து வரவழைத்தார். செய்தி கேட்டதும் என் நாத்தனார் எனக்குப் போன் போட்டார்.

"கெளம்பு."

"எங்க அண்ணி?"

"அவரப் புடுங்கி எறியப் போறாங்களாம். வந்து கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு உக்காரு. நான் குழாயப் புடிச்சிக்கிறேன். யாரு தொடுறாங்கன்னு பாப்போம்."

அவர் மகன் காரில் எங்கள் இரண்டு பேரையும் கொண்டு வந்து இறக்கினான். கோயிலில் ஃபாதரும் அந்தச் சீனக்காரரும் மட்டும் இருந்தார்கள். மத்தியான வெயில். தகரக் கூரை பொரிந்தது. என் நாத்தனார் நேராகப் போய் முக்காலியில் உட்கார்ந்து குழாயைக் கட்டிக்கொண்டார்.

ஃபாதர் பக்கத்தில் குனிந்து, "பாட்டிம்மா, டவுன் கோயில்ல கல்யாணம் நடக்கும், அடக்கம் நடக்கும். நிக்காத சத்தத்த வச்சிக்கிட்டு எப்படிம்மா?" என்றார்.

"அடக்கத்துலதான் வந்துச்சு ஃபாதர். அது ஒண்ணும் அடக்கத்துக்குப் பயப்படாது."

சீனக்காரர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். "அந்தி, சப்பார்" என்றார் மலாயில், ஆன்ட்டி, பொறுங்கள் என்று. கீழே இருந்த பலகையைக் கழற்றினார். டார்ச் அடித்து, வரச்சொல்லிக் கையைக் காட்டினார். நான்தான் முதலில் குனிந்தேன். உள்ளே சின்னச் சின்ன மரக்கதவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கதவு. கட்டையை அழுத்தினால் கதவு திறக்கும், குழாய்க்குள் காற்று போகும். விட்டால் மூடிக்கொள்ளும். அந்தக் கதவுகளில் பழைய தோல் இருக்க வேண்டிய இடத்தில், பாதிக்கு மேல், பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது கெத்தா" என்றார் அவர் ஆச்சரியமாக. ரப்பர் என்று அர்த்தம். ரப்பரை எங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறார்! மலாயில் கேட்டார், யார் இதில் ரப்பரை வைத்தது, வெயிலில் இது இளகி ஒட்டுமே, கோடிக் கட்டையின் பெரிய கதவில் வைத்திருப்பது மடிந்து போய்ப் பக்கத்துச் சட்டத்தில் ஒட்டிக்கொள்கிறதே என்று.

என் நாத்தனார் குழாயை விட்டுவிட்டு வந்தார். முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்தார். சீனக்காரர் அந்தப் பெரிய கதவிலிருந்து துண்டை உரித்தபோது அதன் ஓரம் வெல்லப்பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. என் நாத்தனார் கையை நீட்டினார். வாங்கி மூக்கில் வைத்தார். ஓரத்தை விரலால் நசுக்கினார். பல்லில் கடித்தும் பார்த்தார்.

"பச்ச ஷீட்டு" என்றார். "புகையே போடல. பால் ஒறையிறதுக்கு ஆசிட்ட வேற அள்ளி ஊத்திருக்காரு. லாரி ஓட்டுற மனுஷனுக்கு ரப்பரப் பத்தி என்னாடி தெரியும்? நான் பக்கத்துலயேதான இருந்தேன், பொறந்ததுலேருந்து பால் வெட்டுறவ. ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிருப்பாரு? நல்லா புகை போட்ட ஷீட்டா நானே வெட்டிக் குடுத்துருப்பேனே!"

செத்த மனுஷனை அப்படித் திட்டினார். ஃபாதர் திகைத்துப்போய் நின்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பிறகு அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். துண்டை வெளிச்சத்தில் திருப்பினார். "இங்க வா" என்றார். ரப்பரின் மறுபக்கத்தில், ஈரமாக இருந்தபோது அழுத்தி ஒட்டின பெருவிரல் பதிந்திருந்தது. ரேகை எல்லாம் அப்படியே. அதற்கு மேலே நகம் பட்ட இடத்தில் நடுவில் ஒரு கோடு, இரண்டாகப் பிளந்து. இத்தனை வருஷமாக அவர் விரல் அங்கேதான் இருந்திருக்கிறது. கட்டையைக் கீழே பிடித்து வைத்திருந்ததும் அதேதான். நாங்கள் நினைத்தது பொய்யில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. முத்திரை என்று நான் நினைத்த தட்டு.

"அண்ணி, பாட்டு முடிஞ்சதும் அண்ணன் அந்தக் கட்டைய அடியிலேருந்து இப்படித் தட்டுவாரு. ஒவ்வொரு தடவையும்."

சீனக்காரர் நான் செய்து காட்டியதைப் பார்த்தார். அந்தத் துண்டை வாங்கித் திரும்ப அதே கதவில் வைத்து அழுத்தினார். மோட்டாரைப் போட்டார். புகைக்கூடத்து வாடை வந்தது. கோடிக் கட்டையை அழுத்திவிட்டு விரலை எடுத்தார். அந்தச் சத்தம் எழுந்து நின்றது, தரை அதிர்ந்தது, கட்டை கீழேயே கிடந்தது. என்னைப் பார்த்தார். நான் போய், பெருவிரலை அடியில் விட்டு, ஒரு தட்டு.

டக். சத்தம் நின்றுவிட்டது.

கூரைத் தகரம் சூட்டில் சொடக்குப் போடுவது மட்டும் கேட்டது. என் நாத்தனார் தரையில் உட்கார்ந்தபடி அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வாரா வாரம் இத நிறுத்திக்கிட்டுதான் இருந்தாரு" என்றார் மெதுவாக. "நமக்குத்தான் நிறுத்தத் தெரியல. நான் பேசுறேன் பேசுறேன்னு அவர எழுந்து போவ உடல."

சீனக்காரர் மலாயில் கேட்டார். இந்த ஒரு துண்டை மட்டும் வேண்டுமானால் அப்படியே விட்டுவிடுகிறேன், மற்றதை மாற்றிவிடுகிறேன், அந்தி சொன்னால் போதும் என்றார். எனக்கு அந்தச் சத்தம் வேண்டும்தான். ஆனால் புருஷன் அவருடையவர்.

என் நாத்தனார் தரையில் கையை ஊன்றி எழுந்து, "தோலப் போடுங்க" என்றார். "நல்ல தோலா போடுங்க." துண்டைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார். காரில் ஏறினபோது அது சேலையில் ஒட்டிக்கொண்டது. வீடு போகிற வரைக்கும் பிய்க்கவில்லை.

சிரம்பான் பெரிய கோயிலில் ஆர்கன் முதல் தடவை வாசிக்கப்பட்ட ஞாயிறு, தோட்டத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தோம். மண்டோரின் மகன்கூட வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வாத்தியாரின் மகள் வாசித்தாள். தேய்த்துத் துடைத்த குழாய்கள் பளபளத்தன. ஆனால் காற்று வந்ததும் எனக்கு முதலில் தெரிந்தது அந்தப் புகை வாடைதான். எங்கள் ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

கடைசிப் பாட்டு. கடைசிக் கட்டை. தொடை அதிர்ந்தது. ஆமென். அவள் விரலை எடுத்தாள், சத்தம் நின்றது, கட்டை மேலே வந்தது.

டவுன் ஆட்கள் எழுந்து பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். நாங்கள் யாரும் எழவில்லை. நடுநடுவே, அங்கங்கே, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. எங்களைத் தாண்டிப் போனவர்கள் ஒருமாதிரிப் பார்த்தார்கள். அந்த அமைதியில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அவ்வளவு பெரிசாகக் கேட்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

என் நாத்தனார்தான் முதலில் எழுந்தார். கைத்தடியை ஊன்றி நேராக ஆர்கனுக்குப் போனார். வாத்தியாரின் மகள் பயந்து நகர்ந்து இடம் விட்டாள். அவர் சுவிட்சைப் பார்க்கவே இல்லை. குனிந்து, பெருவிரலை அந்தக் கோடிக் கட்டைக்கு அடியில் விட்டு, மேலே ஒரு தட்டு தட்டினார். கட்டை ஏற்கனவே மேலேதான் இருந்தது.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"என்னா உக்காந்துருக்கீங்க? எழுந்திரிங்க. பசிக்குது."